பழைய நீராவி எஞ்சினுக்கு முழு அளவு நகல்: கேள்வி பதில்

கேள்வி: மூல வரைபடம் எதுவும் கிடைக்கவில்லை. பக்கவாட்டில் எடுத்த பழைய புகைப்படங்கள்தான் இருக்கின்றன. வேலையைத் தொடங்கலாமா சார்?

தாராளமாக. சக்கரத்தின் விட்டம் மட்டும் ஏதாவது பதிவேட்டில் கிடைத்துவிட்டால், அதை அளவுகோலாக வைத்து மற்றவற்றைக் கணக்கிடலாம். ஒன்றைக் கவனியுங்கள்: கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கும் சக்கரம், உள்ளே தள்ளியிருக்கும் பாய்லரைவிடப் பெரிதாக விழும். அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டாமல் வரைந்தால் உங்கள் பாய்லர் இளைத்துவிடும்.

அதற்கும் முன்னால், எந்த ஆண்டின் எஞ்சினைச் செய்யப்போகிறீர்கள் என்று முடிவெடுங்கள். உதாரணமாக, 1829-ல் இங்கிலாந்தில் ரயில் எஞ்சின்களுக்காக நடந்த ரெயின்ஹில் போட்டியில் ஓடியபோது ‘ராக்கெட்’ எஞ்சினின் சிலிண்டர்கள் மேலே, நல்ல சாய்வில் இருந்தன. ஓட்டத்தில் வண்டி ஆடியதால் பிற்பாடு கிட்டத்தட்ட கிடைமட்டமாக இறக்கிவிட்டார்கள். இன்று அருங்காட்சியகத்தில் மிஞ்சியிருப்பது இந்த மாறிய உருவம். 1979-ல் ஓடும் நகல் செய்தவர்கள் 1829-ன் உருவத்தையே எடுத்துக்கொண்டார்கள். ஒரே எஞ்சினில் இரண்டு காலத்தையும் கலந்துவிடாதீர்கள்.

கேள்வி: அசலில் ரிவெட் அடித்த பாய்லர். வெல்டிங் செய்தால் அது நகலே இல்லை என்கிறார் நண்பர்.

நண்பரின் அக்கறை புரிகிறது, ஆனாலும் நான் வெல்டிங் பக்கம்தான். அசலின் குறைகளை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும். ஆளைக் கொல்லக்கூடியதை மட்டும் விட்டுவிட வேண்டும். சாய்ந்த சிலிண்டரால் வண்டி ஆடுகிறதா, ஆடட்டும். பாய்லர் விஷயம் வேறு. இன்றைய அழுத்தக்கலன் விதிப்படி கணக்குப் போட்டு, தகடு வெட்டுவதற்கு முன்பே ஆய்வாளரிடம் ஒப்புதல் வாங்குங்கள். மேலே உறை போர்த்திவிட்டால் வெல்டிங் வெளியே தெரியப்போவதில்லை.

கேள்வி: பாய்லரை ஏன் முதலில் தண்ணீர் நிரப்பிச் சோதிக்கிறார்கள்?

தண்ணீர் அழுத்தத்தில் அநேகமாகச் சுருங்காது. எங்காவது விட்டுக்கொடுத்தாலும் ஒழுகுமே தவிர, நீராவியைப் போல வெடித்துச் சிதறாது. வழக்கமாக வேலை அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றுவார்கள்.

கேள்வி: சக்கரத்தை வார்க்க பேட்டர்ன் (மணலில் அச்சு எடுக்கும் மாதிரி) செய்யும்போது எவ்வளவு கூட்டி வைக்க வேண்டும் அண்ணா?

வார்ப்பிரும்பு ஆறும்போது சுமார் நூற்றுக்கு ஒன்று சுருங்கும், வார்ப்பு எஃகு இரண்டு. ஆக 1200 மி.மீ. இரும்புச் சக்கரத்துக்கு பேட்டர்ன் 12 மி.மீ. பெரிதாக இருக்க வேண்டும். லேத்தில் கடைந்து எடுக்கும் கனம் இதற்கு மேல் தனி. ஃபவுண்டரிக்காரரிடம் காட்டிவிட்டு அளவை முடிவு செய்யுங்கள், அவர் கைப்பழக்கம் உங்கள் கணக்கைவிட நம்பகமானது.

சக்கரத்தைச் சுற்றி வளையமாக வரும் எஃகு டயரை மாட்டுவது எனக்கு மிகவும் பிடித்த வேலை. உள்விட்டத்தைச் சக்கரத்தைவிட ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 1.2 மி.மீ. குறைவாகக் கடைகிறோம். சுற்றிலும் சீராக 250 டிகிரி வரை சூடேற்றினால் ஏறக்குறைய 3 மி.மீ. விரியும். சக்கரத்தைத் தூக்கி உள்ளே இறக்க அந்த இடைவெளி போதும். ஆறியதும் டயர் கவ்விக்கொள்ளும். சக்கரம் கோணலாக உட்கார்ந்தால் திருத்த நேரம் இருக்காது. அதனால் இறக்குவதைக் குளிர்ந்த நிலையிலேயே ஒத்திகை பாருங்கள்.

கேள்வி: 3டி பிரிண்டரில் பேட்டர்ன் எடுக்கலாமா?

எடுக்கலாம். மேற்பரப்பை நன்றாகத் தேய்த்து வழவழப்பாக்குங்கள்.

கேள்வி: பாய்லர் வர இன்னும் நாளாகும். அதுவரை எஞ்சினை ஓட்டிப் பார்க்க வழி உண்டா?

உண்டு. சட்டத்தை முட்டுக்கொடுத்துச் சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி, சிலிண்டருக்குக் குறைந்த அழுத்தத்தில் கம்ப்ரஸர் காற்று கொடுங்கள். இரண்டு சிலிண்டர் எஞ்சினில் சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் நான்கு முறை காற்று வெளியேறும். நான்கும் சம இடைவெளியில், ஒரே கனத்தில் கேட்க வேண்டும். ஒன்று முந்தினாலோ மெலிந்தாலோ முதலில் வால்வு அமைப்பைப் பாருங்கள்.