கேளுங்கள் அக்காவிடம்: இரவு 11.40க்கு வந்த மின்னஞ்சல்

கேள்வி: அக்கா, நான் ஒரு பல்கலைக்கழகத் துறை அலுவலகத்தில் எக்ஸிகியூட்டிவ். தேர்வுத்தாள், அறைப் பதிவு, பகுதிநேர விரிவுரையாளர்களின் சம்பளக் கணக்கு எல்லாம் என் தலையில்தான். எங்கள் துறைத்தலைவர் நல்ல மனிதர், ஆனால் மின்னஞ்சல் அனுப்புவதெல்லாம் இரவில். போன வாரம் 11.40க்கு, "வியாழக்கிழமை கருத்தரங்கு எந்த அறையில்?" என்று கேட்டிருந்தார். படுத்தபடியே 11.45க்குப் பதில் போட்டேன். மறுநாள் காலை 10 மணிக்கு "நன்றி" என்று வந்தது. மகளுக்கு இந்த ஆண்டு பிஎஸ்எல்இ, தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு. அவள் கணக்குப் போட்டுக் காட்டும்போதும் என் கண் கைப்பேசியில்தான் இருக்கிறது. வேலை நேரம் முடிந்தால் பதில் போட வேண்டாம் என்று சிங்கப்பூரில் சட்டம் இருக்கிறதா?
— ஜூரோங் வெஸ்ட் வாசகி

பதில்: சட்டத்தை முதலில் முடித்துவிடுவோம். அப்படி ஒன்று இங்கே இல்லை. பிரான்சில் 2017 முதல் உண்டு, ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட்டில் வந்தது. நம் வேலை நியமனச் சட்டம் வாரத்துக்கு 44 மணி நேரம் என்று சொல்கிறதுதான். ஆனால் அந்தப் பகுதி மாதம் 2,600 வெள்ளி வரை வாங்கும் ஊழியருக்கும், 4,500 வெள்ளி வரை வாங்கும் உடலுழைப்புத் தொழிலாளருக்கும் மட்டுமே. எக்ஸிகியூட்டிவ் என்று கார்டு அடித்துக் கொடுத்தார்களே, அதனால் உங்களுக்கு அது பொருந்தாது. 2020 நவம்பரில் வந்த வேலையிட மனநலத்துக்கான முத்தரப்பு ஆலோசனைக் குறிப்பு, அவசரமில்லாத செய்திகளுக்கு வேலை நேரத்துக்குப் பிறகு பதில் எதிர்பார்க்க வேண்டாம் என்று முதலாளிகளுக்கு எடுத்துச் சொல்கிறது. அது கட்டாயமில்லை. மனிதவளப் பிரிவில் பேசப் போனால் அதன் பெயரைச் சொல்லுங்கள், காது கொடுப்பார்கள்.

இப்போது உங்கள் கடிதத்தை நீங்களே இன்னொரு தடவை படியுங்கள். 11.45க்கு நீங்கள் பதில் போட்டீர்கள், நன்றி வந்தது காலை 10 மணிக்கு. மனிதர் அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார். விழித்திருந்தது நீங்கள் மட்டும்.

லாரா ஜூர்ஜ், வனெசா போன்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சொல்கிறது. வேலை நேரத்துக்கு வெளியே அவசரமில்லாத மின்னஞ்சல் வந்தால், அனுப்பியவர் எதிர்பார்ப்பதைவிடச் சீக்கிரமாகப் பதில் போட வேண்டும் என்று வாங்கியவர் நினைத்துக்கொள்கிறாராம். "இது அவசரமில்லை" என்று அனுப்புகிறவர் ஒரு வரி சேர்த்தால் அந்த நினைப்பு குறைகிறது. அந்த ஒரு வரியை உங்கள் தலைவரிடமிருந்து வாங்குவதுதான் உங்கள் வேலை.

நானும் துறை அலுவலகத்தில் பல காலம் இருந்தவள். எங்கள் தலைவருக்குப் பிள்ளைகள் தூங்கிய பிறகுதான் வீட்டில் மேசை காலியாகும், அப்போது உட்கார்ந்து வரிசையாக அனுப்புவார். கேண்டீனில் கோப்பி வாங்கிக்கொடுத்துக் கேட்டே விட்டேன். "நான் மறந்துவிடக் கூடாதென்று அனுப்புகிறேன், நீங்கள் ஏன் அந்த நேரத்தில் பார்க்கிறீர்கள்?" என்றார்! இரவில் வருவதைக் காலை எட்டரைக்குப் பார்ப்பேன், நிஜமாகவே அவசரமென்றால் ஃபோன் போடுங்கள் என்று பேசி வைத்துக்கொண்டோம். அதன் பிறகு அபூர்வமாகத்தான் கூப்பிட்டார். ஒரு தடவை, வெளிநாட்டிலிருந்து வந்த தேர்வாளர் சாங்கியில் இறங்கி, ஹோட்டல் பெயர் தெரியாமல் நின்றுகொண்டிருந்தார். அது அவசரம். வியாழக்கிழமைக் கருத்தரங்கின் அறை எண் அவசரமில்லை, தங்கச்சி.

பேசுவதற்கு நேரம் பாருங்கள். வகுப்புகள் முடியும் 13ஆவது வாரத்திலோ மதிப்பெண் ஏற்றும் நாள்களிலோ வாயைத் திறக்காதீர்கள். செமஸ்டர் நடுவே வரும் இடைவேளை வாரம் நல்லது. புகாராக இல்லாமல், "டாக்டர், இரவில் வருவதற்கு எப்போது பதில் வேண்டும்?" என்று கேள்வியாகவே கேளுங்கள். பதிலை அவர் வாயாலேயே சொல்லட்டும்.

கைப்பேசியில் அவுட்லுக் செயலியின் அறிவிப்பை மாலை 7 முதல் காலை 7 வரை அடக்கி வையுங்கள், அமைப்புகளில் அதற்கு வழி இருக்கிறது. இன்னொன்று, நீங்களும் இரவில் எழுதுகிறவராக இருந்தால் உடனே அனுப்பாமல், காலை எட்டரைக்குப் போகும்படி நேரம் குறித்துவிடுங்கள். உங்களுக்குக் கீழே ஒரு பகுதிநேரப் பிள்ளை இருப்பாள், அவளும் படுக்கையில் கைப்பேசியோடுதான் கிடப்பாள்.

ஒரு நாளில் மூன்று தடவை மட்டும் மின்னஞ்சலைத் திறந்தால் மன அழுத்தம் குறையும் என்று குஷ்லெவ், டன் என்ற இருவர் 2015இல், 124 பேரை வைத்துக் கண்டார்கள். உண்மைதான். ஆனால் துறை அலுவலகத்தில் அது நடக்கிற காரியமா? தேர்வுத்தாள் அச்சுக்குப் போகிற நாளில் மூன்று தடவை என்றால் யாராவது நேரில் வந்து நிற்பார்கள். பகலில் தாராளமாகப் பாருங்கள், வீட்டில் வேண்டாம்.

மகளுக்காக மாலையில் சீக்கிரம் கிளம்ப வேண்டுமென்றால் அதற்குத் தனி வழி உண்டு. 2024 டிசம்பர் 1 முதல், நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டுக்கு முறைப்படி எழுதிக் கேட்டால் 2 மாதத்துக்குள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். காலை ஏழரைக்கு வந்து மாலை நாலரைக்குப் போகிறேன் என்று கேளுங்கள். மறுக்கலாம், ஆனால் வேலை சார்ந்த காரணத்தைச் சொல்ல வேண்டும்.

கேள்வி: விரிவுரையாளர் நான். கட்டுரை ஒப்படைக்கும் நாளுக்கு முந்தைய நள்ளிரவில் மாணவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத் தனித்தனியாகக் கேட்கிறார்கள். பதில் போடாவிட்டால் கற்பித்தல் மதிப்பீட்டில் குறைத்துவிடுவார்களோ என்று பயம்.
— கிளமெண்டி வாசகர்

பதில்: ஐயா, முதல் வார விரிவுரையிலேயே சொல்லிவிடுங்கள்: கேள்வியைப் பாடத்தளத்தின் கலந்துரையாடல் பக்கத்தில் போடவும், ஒப்படைப்புக்கு முதல்நாள் மாலை 5 மணிக்குப் பிறகு பதில் கிடையாது. அங்கே ஒருவருக்குச் சொன்ன பதிலை எல்லோரும் படிப்பார்கள். இன்னும் நல்லது, ஒப்படைப்பு நேரத்தை இரவு 11.59 என்று வைக்காமல் மாலை 5 என்று மாற்றுங்கள். நள்ளிரவுக் கேள்விகளுக்கு அந்த 11.59தான் தாய்வீடு. சொன்ன நேரத்தில் தவறாமல் பதில் தருகிறவரை மாணவர்கள் குறை சொல்லி நான் பார்த்ததில்லை.

கேள்வி: துறை முழுவதற்கும் வந்த மின்னஞ்சலுக்கு "வாழ்த்துகள்", "நன்றி" என்று எல்லோருக்கும் பதில் போடுகிறவர்களை என்ன செய்வது?
— புவன விஸ்தா வாசகி

பதில்: அவர்களை ஒன்றும் செய்ய முடியாது. அனுப்புகிறவர் நீங்கள் என்றால் முகவரிகளை பிசிசியில், அதாவது மற்றவர் கண்ணுக்குத் தெரியாத முகவரிப் பெட்டியில் போடுங்கள், எல்லோருக்கும் பதில் போட வழியே இருக்காது. வாங்குகிறவர் என்றால் அவுட்லுக்கில் இக்னோர் பட்டன் இருக்கிறது, அந்த இழையில் இனி வருவதெல்லாம் தானாகக் குப்பைத்தொட்டிக்குப் போகும். உங்கள் பெயரைக் குறிப்பிட்டுக் கேட்ட கேள்வியும் அதோடு போகும் என்பதால், டீன் தொடங்கிய இழையில் மட்டும் கை வைக்காதீர்கள்.