சட்டம் இயற்றுவது அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸ் என்றால், அமெரிக்கச் சுற்றுச்சூழல் சட்டத்தை நீதிமன்றங்கள் எவ்வாறு மாற்றுகின்றன?

பெரும்பாலும், ஒரு சொல்லுக்குப் பொருள் உரைப்பதன் மூலமே. 1972ஆம் ஆண்டின் தூய நீர்ச் சட்டம் ‘அமெரிக்காவின் நீர்நிலைகளை’க் காக்கிறது, ஆனால் அத்தொடருக்குள் எவையெல்லாம் அடங்கும் என்பதை அது தெளிவாகச் சொல்லவில்லை. ஐடஹோ மாநிலத்தில் பிரீஸ்ட் ஏரிக்கு அருகே மனை வாங்கிய ஒரு தம்பதி, வீடு கட்டுவதற்காக அங்கே மண்ணையும் சரளையையும் கொட்டியபோது, அது பாதுகாக்கப்பட்ட ஈரநிலம் என்று கூறிய சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, நாளொன்றுக்கு 40,000 டாலருக்கும் மேற்பட்ட அபராதம் வரக்கூடும் என எச்சரித்தது. 2023இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் தம்பதியின் பக்கமே நின்றனர். எனினும், நிலையான நீர்நிலையோடு இடையறாத மேற்பரப்புத் தொடர்புள்ள ஈரநிலங்களுக்கே பாதுகாப்பு உண்டு என்ற குறுகிய அளவுகோலை ஐவர் மட்டுமே ஏற்றனர். சட்டத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை; ஆனால் பல சதுப்புநிலங்கள் கூட்டரசின் பாதுகாப்பை இழந்தன.

தீர்ப்புகள் எப்போதும் இத்திசையில் மட்டும் செல்வதில்லை. 2007இல், அதே 5-க்கு 4 என்ற கணக்கில், பசுங்குடில் வாயுக்களும் தூய காற்றுச் சட்டத்தின்கீழ் மாசுகளே என்று நீதிமன்றம் கூறியது.

என் பார்வையில் இவற்றைவிடப் பெரிய மாற்றம் 2024இல் நேர்ந்தது. சட்டச் சொல் தெளிவற்றிருந்தால் அதைச் செயல்படுத்தும் அரசு முகமையின் நியாயமான விளக்கத்தை நீதிமன்றங்கள் ஏற்க வேண்டும் என்ற 1984ஆம் ஆண்டின் செவ்ரான் கோட்பாடு கைவிடப்பட்டதால், இறுதிப் பொருளை இனி நீதிபதிகளே தீர்மானிப்பர். வேடிக்கை என்னவென்றால், 1984இல் அக்கோட்பாடு பிறந்த வழக்கில் தோற்றவர்கள் சுற்றுச்சூழல் அமைப்பினர்தாம்.