புதுச்சேரிக்காரர்கள் தங்களைத் தமிழர்களாக நினைக்கிறார்களா, பாதி பிரெஞ்சுக்காரர்களாகவா?

பிரெஞ்சுக்காரர்கள் வாழ்ந்த ஒயிட் டவுன் பகுதியின் மஞ்சள் சுவர்களைப் பார்த்துவிட்டு எழுந்த கேள்வி என்று நினைக்கிறேன். நான் புதுச்சேரிக்காரன். அந்தத் தெருக்களில் எங்கள் சொந்தக்காரர் ஒருவர்கூடக் குடியிருந்ததில்லை. ஆனால் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள சொந்தக்காரர்கள் நிறைய உண்டு, எல்லோரும் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள்.

1954 நவம்பர் 1இல் புதுச்சேரியின் நிர்வாகம் பிரான்சிடமிருந்து இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படி ஒப்படைப்பு முடிந்தது 1962 ஆகஸ்ட் 16இல்தான். அன்றிலிருந்து இங்கே பிறந்து இங்கேயே வாழ்ந்த பிரெஞ்சுக் குடிமக்கள் இந்தியர்கள். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். என் தாத்தாவின் அண்ணன் சொல்தா, அதாவது பிரெஞ்சுப் படைவீரர். வியட்நாமின் சைகோனில் பணியில் இருந்துவிட்டு பென்ஷனோடு ஊர் திரும்பியவர், எழுதிக் கொடுத்தார். துணிக்கடை வைத்திருந்த தாத்தாவுக்கு அது தேவைப்படவில்லை. இன்று பெரிய தாத்தாவின் பேரப்பிள்ளைகள் பாரிஸ் பக்கம் இருக்கிறார்கள், நாங்கள் முத்தியால்பேட்டையில். அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கும் இங்கே வந்துதான் புடவை எடுக்கிறார்கள்.

இதற்கு முந்தைய கதை ஒன்று உண்டு, சுற்றுலா வழிகாட்டிகள் அதிகம் சொல்வதில்லை. சாதி வழக்கங்களையும் தங்கள் சமயத்துக்கான தனிச் சட்டத்தையும் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வர 1881இல் ஓர் அரசாணை வழிவிட்டது. முன்னின்றவர் வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை. லப்போர்த் என்று பெயரை மாற்றிக்கொண்டார். ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த பலருக்குப் பெயரோடு சாதியையும் உதறிவிடும் வாய்ப்பு அது. என்னைக் கேட்டால், பிரெஞ்சு ஆட்சி இங்கே விட்டுப்போனவற்றில் கட்டடங்களைவிட இதுதான் பெரிது. அப்படித் துறந்தவர்களின் சந்ததியினருக்கு இந்தியாவிலேயே இந்து திருமணச் சட்டம் பொருந்தாது என்பது பல வக்கீல்களுக்கே புதுச் செய்தி.

ஆக, தமிழா பிரெஞ்சா என்று நாங்கள் மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. தமிழர்தான். ‘நீங்களும் தமிழ்நாடுதானே?’ என்று கேட்டுப் பாருங்கள், சண்டைக்கு வருவோம். 1979இல் புதுச்சேரியைத் தமிழ்நாட்டோடு இணைக்கலாம் என்று பிரதமர் மொரார்ஜி தேசாய் பேசியபோது ஊரே தெருவில் இறங்கியது. 1908இல் பாரதியார் இங்கே வந்ததும் இந்த எல்லைக்குள் பிரிட்டிஷ் போலீஸ் கைவைக்க முடியாது என்பதால்தான். அந்த எல்லை போய்விட்டது, அதைக் கட்டிக் காக்கும் பழக்கம் எங்களை விடவில்லை. (மலிவான சரக்குக்காக என்று கடலூர் நண்பர்கள் சொல்வார்கள். அதையும் முழுக்க மறுக்க மாட்டேன்.)

புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் மற்ற மூன்று பகுதிகளில் காரைக்காலையாவது தமிழ் எங்களோடு சேர்க்கிறது. மாகே மலையாளம் பேசுகிறது, யானம் தெலுங்கு பேசுகிறது. யானத்துக்காரருக்குத் தலைமைச் செயலகத்தில் வேலை என்றால் ஏறக்குறைய 800 கிலோமீட்டர் பயணம். பக்கத்திலேயே ஆந்திராவின் காக்கிநாடா இருக்கிறது. அவரிடமும் இதே கேள்வியைக் கேட்டால், ஆந்திரா இல்லை, புதுச்சேரி என்றுதான் முதலில் சொல்வார்.