ஹைன்ரிச் ப்யோலும் ரைன் ஆறும்: மட்டக்களப்பில் இருந்து ஒரு பதில்

கேள்வி: போர் நினைவுகளையும் தன் நகரத்து ஆற்றையும் பிரிக்க முடியாமல் எழுதிய, இன்று உயிரோடில்லாத எழுத்தாளர் என்றால் உங்களுக்கு யார் நினைவுக்கு வருவார்? ஏன்?

எனக்கு ஹைன்ரிச் ப்யோல். ஜெர்மனியின் கொலோன் நகரத்துக்காரர். 1917 இல் பிறந்தார், 1972 இல் நோபல் பரிசு பெற்றார், 1985 ஜூலையில் காலமானார். இலங்கையின் கிழக்குக் கரையில் உள்ள மட்டக்களப்பில் இருந்துகொண்டு ரைன் ஆற்றைப் பற்றி இவன் ஏன் பேசுகிறான் என்று கேட்கலாம். இங்கே ஊரை இரு கரையாகப் பிரிக்கும் வாவியின் ஓரத்தில் வளர்ந்தவனுக்குத்தான் இந்த மனிதர் சட்டென்று பிடிபடுவார் என்பது என் கட்சி.

ரைன் என்றால் உல்லாசப் பயணிகளுக்கு லொரெலைப் பாறை. அதன் உச்சியில் இருந்து தலை வாரிக்கொண்டே பாடி, படகுக்காரரை மயக்கி மூழ்கடிக்கும் பெண். அப்புறம் கோட்டைகள், திராட்சைத் தோட்டங்கள், வைன். ப்யோலுக்கு அந்த ரைன் ஒத்துவரவில்லை. 1950களில் எழுதிய ஒரு சிறு கட்டுரையில், அந்தக் கோடைகாலக் குதூகலத்தைத் தன்னால் நம்பவே முடியவில்லை என்கிறார். அவர் அறிந்த ரைன் இருண்டது, துயரம் பிடித்தது. அதை நேசித்தார், அதற்குப் பயந்தும் இருந்தார். ஆற்றுக்கு மூன்று நிமிடத் தொலைவில் பிறந்த ஆள் இப்படிச் சொன்னால் மறுக்க நமக்கு என்ன இருக்கிறது? வைன் குடிப்பவர்களின் ரைன் பான் நகரத்தோடு முடிகிறது, கொலோனில் சாராயம் குடிப்பவர்களின் ரைன் தொடங்குகிறது என்று ஒரு கிண்டலும் அதில் உண்டு.

பாட்டு எங்கள் தண்ணீருக்கும் இருக்கிறது. பௌர்ணமி இரவில் கல்லடிப் பாலத்தடிக்குத் தோணியில் போய், துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையைக் காதில் வைத்தால் மீன் பாடுவது கேட்கும் என்பார்கள். வெளியூர் ஆட்கள் வந்தால் நாங்களும் அந்தக் கதையைத்தான் எடுத்து விடுகிறோம். ஆனால் என் வயதுக்காரருக்கு வாவி என்றதும் முதலில் வருவது அது இல்லை. வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரை ஆமியிடம், மேற்குப் பக்கமான படுவான்கரை இயக்கத்திடம், அதாவது புலிகளிடம், இருந்த காலம்தான் வரும். வலையிறவுப் பாலத்தடியில் இறங்கி, சைக்கிளை உருட்டிக்கொண்டு, அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி வரிசையில் நிற்க வேண்டும். மண்முனைத் துறையில் பாதை, அதாவது ஆட்களை ஏற்றும் மிதவைப் படகு, ஓடினால் அக்கரை, ஓடாவிட்டால் வீடு. அங்கே பாலம் வந்தது 2014 இல்தான். படுவான்கரையில் வயலும் இந்தப் பக்கம் பிள்ளைகளுமாக இருந்த என் மாமி, "அங்கால போனா இங்கால நினைப்பு, இங்கால வந்தா அங்கால நினைப்பு, மறுகா எங்க மனே நித்திரை?" என்பார்.

ப்யோலை 1939 இல் படைக்கு எடுத்தார்கள். போர் முடியும்வரை சாதாரணச் சிப்பாயாகவே பிரான்ஸ், ரஷ்யா, ருமேனியா, ஹங்கேரி என்று அலைந்தார். பல தடவை காயப்பட்டார். அவருடைய ஊரில், 1942 மே 30 இரவு, பிரித்தானியா ஆயிரத்துக்கு மேற்பட்ட விமானங்களை ஒரே மூச்சில் கொலோன் மேல் அனுப்பியது. 1945 மார்ச் 6 அன்று அமெரிக்கப் படை நகரத்துக்குள் வந்தபோது, பின்வாங்கிய ஜெர்மன் படையே பேராலயத்துக்குப் பக்கத்தில் இருந்த ஹோஹென்சோலர்ன் பாலத்தைத் தகர்த்துவிட்டுப் போனது. பிறகு ஏப்ரல் நடுப்பகுதி வரை, ஒரே நகரத்தின் இடது கரை அமெரிக்கரிடம், வலது கரை ஜெர்மன் படையிடம். இதை வாசித்தபோது எனக்கு வரைபடம் தேவைப்படவில்லை.

அந்த ஏப்ரலில்தான் ப்யோல் அமெரிக்கரிடம் சிறைபட்டார். செப்டம்பரில் விடுதலையாகி வந்தார். அடுத்த மாதமே அவருடைய முதல் குழந்தை இறந்தது. திரும்பி வந்து குடியேறிய கொலோன் பெரும்பாலும் இடிபாடு. "இன்னும் எத்தனை காலத்துக்குப் போரையே எழுதப்போகிறீர்கள்?" என்று எங்கள் பக்கத்து எழுத்தாளர்களிடம் கேட்கிறார்களே, அதே கேள்வி அங்கும் எழுந்தது. போரையும் ஊர் திரும்பியதையும் இடிபாட்டையும் எழுதினோம், கண்ட அதைத்தான் எழுதினோம் என்று 1952 இலேயே பதில் சொல்லிவிட்டார்.

அவர் எழுதியதில் எனக்கு நெருக்கமானது, இறந்த ஆண்டில் தன் மகன்களுக்கு எழுதிய நீண்ட கடிதம். போரின் கடைசி மாதங்களைச் சொல்கிறது. வீரம் எதுவும் கிடையாது. பொய்யான விடுப்புப் பத்திரம், ஒளிந்திருத்தல், ஓடிப்போகிறவனைப் பிடித்துச் சுடும் சொந்தப் படையின் மேல் பயம், சாப்பாடு. கடிதத்தின் தலைப்பிலேயே நான்கு சைக்கிள்கள் வருகின்றன. சைக்கிளுக்குத் தலைப்பில் இடம் கொடுத்தவர் என்பதற்காகவே அவருக்கு ஒரு கும்பிடு. இங்கே நெல்மூட்டையும் விறகும் மட்டுமா, நோயாளியும் சைக்கிளில்தான் வந்தார்.

அதே கடிதத்தில் பிரபலமான ஒரு இடம் உண்டு. 1945 இல் ஜெர்மனி சரணடைந்த மே 8 ஐ ஒரு ஜெர்மானியர் தோல்வி நாள் என்கிறாரா, விடுதலை நாள் என்கிறாரா என்பதை வைத்தே அவர் யாரென்று கண்டுகொள்ளலாம் என்று மகன்களுக்குச் சொல்கிறார். அதே ஆண்டு மே 8 அன்று ஜனாதிபதி வைட்ஸெக்கரும் நாடாளுமன்றத்தில் அதை விடுதலை நாள் என்றார். இதைக் கொண்டாடுகிறவர்கள் பலர். எனக்குக் கொஞ்சம் இழுபறி. எங்களுக்கும் ஒரு மே உண்டு. இங்கே போர் முடிந்த 2009 இன் அந்த நாட்களை ஒரு பக்கம் வெற்றி என்று கொண்டாடியது, மறுபக்கம் விளக்கேற்றி அழுகிறது. ஆனால் கிழக்கில் 2004 இல் இயக்கமே இரண்டாக உடைந்து ஒருவரை ஒருவர் சுட்டது. 1990 இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களைக் கொன்றார்கள், தமிழ் ஊர்களிலும் கொலைகள் நடந்தன. ஒரே தெருவில் மூன்று வீட்டுக்காரர் அந்த மேயை மூன்று விதமாகச் சொல்வார்கள், மூவரும் பொய் சொல்லவில்லை. ப்யோலின் அளவுகோல், குற்றம் செய்த அரசின் குடிமகன் தன் ஆட்களைச் சோதிக்க எடுத்தது. அங்கே அது சரி. அதை அப்படியே தூக்கிவந்து இங்கே வைத்து அளந்தால் பாவப்பட்ட சனம்தான் அகப்படும்.

இறந்தபின்னும் அந்த நகரம் அவரை நிம்மதியாக விடவில்லை. கொலோன் நகர ஆவணக் காப்பகம் அவருடைய கையெழுத்துப் பிரதிகளைப் பெற்றுக்கொண்ட கொஞ்ச நாளிலேயே, 2009 மார்ச் 3 அன்று, நிலத்தடி ரயில் பாதை வேலையால் கட்டடம் இடிந்து விழுந்தது. இரண்டு இளைஞர்கள் இறந்தார்கள். போருக்குத் தப்பிய ஆவணங்கள் சேற்றுக்குள் போயின. யாழ்ப்பாண நூலகம் எரிந்த நாட்டுக்காரன் அந்தச் செய்தியை எப்படி வாசித்திருப்பான் என்று சொல்லவேண்டியதில்லை.

அங்கே இருக்கும் என் சித்தப்பாவின் மகன், பேராலயத்துக்கும் ரைனுக்கும் நடுவில் ப்யோல் பெயரில் உள்ள சதுக்கத்தின் படம் அனுப்பியிருந்தான். அதற்கு அடியில் ஒரு பெரிய இசை அரங்கம். மேலே ஆட்கள் நடந்தால் சத்தம் கீழே இறங்குகிறது என்று, கச்சேரி நேரத்தில் காவலர்கள் நின்று சனத்தைச் சுற்றிப் போகச் சொல்வார்களாம். ப்யோல் இதைக் கேட்டிருந்தால் உட்கார்ந்து ஒரு கதை எழுதியிருப்பார். அவரை வாசித்தே இராதவர்கள் முதலில் டாக்டர் முர்க்கே என்பவர் வரும் சிறுகதையைத் தேடுங்கள். வானொலி நிலையத்தில் வெட்டி எறிந்த நாடாக்களில் இருந்து, யாரும் பேசாத துண்டுகளை மட்டும் பொறுக்கி ஒட்டி வீட்டில் போட்டுக் கேட்கிறவர் அவர். சிரித்து முடித்தபின் மகன்களுக்கு எழுதிய கடிதத்துக்கு வரலாம். நாவல்களுக்கு அவசரமில்லை.