டிஸ்னியில் கோடை இன்டர்ன்ஷிப்: விளம்பரத்தில் முதலில் படிக்க வேண்டிய வரி

கேள்வி: சென்னையில் ஒரு விஎஃப்எக்ஸ் (திரைப்படக் காட்சி விளைவுகள்) ஸ்டுடியோவில் இரண்டு வருடம் பைப்லைன் பிரிவில், அதாவது ஆர்ட்டிஸ்டுகளுக்கான மென்பொருள் டூல்களைக் கவனிக்கும் பிரிவில், வேலை பார்த்தேன். இந்த ஆகஸ்டில் டெக்சஸில் எம்.எஸ். கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்திருக்கிறேன். எஃப்-1 மாணவர் விசா. அடுத்த கோடையில் டிஸ்னியில் இன்டர்ன்ஷிப் செய்ய ஆசை. அவர்கள் தளத்தில் ஏகப்பட்ட விளம்பரங்கள் இருக்கின்றன. எதற்குப் போடுவது, எப்போது போடுவது, என் விசாவில் இது முடியுமா என்று ஒன்றும் புரியவில்லை. ‘உள்ளே ஆள் இருக்கிறது, ரெஃபரல் வாங்கித் தருகிறேன்’ என்று ஒருவர் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா? — வாசகி, டெக்சஸ்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கொடுக்காதீர்கள். டிஸ்னி விண்ணப்பிப்பவர்களிடம் எந்தக் கட்டத்திலும் பணம் வாங்குவதில்லை. அங்கே வேலை பார்க்கும் ஒருவர் உங்களைப் பரிந்துரைப்பது உண்டு. ஆனால் உங்கள் வேலையைத் தெரிந்து அவராக விரும்பிச் செய்வது அது. பணம் கேட்பவரிடம் பாஸ்போர்ட் நகலோ ஐ-20 (கல்லூரி தரும் மாணவர் தகுதி ஆவணம்) நகலோ ஏற்கெனவே அனுப்பியிருந்தால், உங்கள் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் இன்றே சொல்லிவையுங்கள்.

இனி உங்கள் விசா. மற்ற எல்லாமே இதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

எஃப்-1 மாணவர் படிப்பின் நடுவே வெளியில் சம்பளத்துக்கு இன்டர்ன்ஷிப் செய்ய வழக்கமான வழி சி.பி.டி., அதாவது பாடத்திட்டத்தின் பகுதியாக வேலைப் பயிற்சி பெறும் அனுமதி. முழுநேர மாணவராக ஒரு கல்வியாண்டு முடித்திருக்க வேண்டும் என்பது பொது விதி. ஆகஸ்டில் சேர்ந்த உங்களுக்கு மே மாதத்தோடு இரண்டு செமஸ்டர் முடிந்துவிடும். கோடை இன்டர்ன்ஷிப்கள் பெரும்பாலும் மே கடைசியிலோ ஜூனிலோ தொடங்குவதால் கணக்கு சரியாக வருகிறது. ஜனவரியில் சேரும் மாணவர்களுக்குத்தான் இங்கே இடிக்கும்.

சி.பி.டி.க்குக் குடிவரவுத் துறையிடம் தனியாக மனு போட வேண்டியதில்லை. உங்கள் கல்லூரியின் டி.எஸ்.ஓ. (சர்வதேச மாணவர்களின் விசா ஆவணங்களைக் கவனிக்கும் அதிகாரி) அனுமதி கொடுத்து, நிறுவனத்தின் பெயரையும் தேதிகளையும் ஐ-20-இன் இரண்டாம் பக்கத்தில் ஏற்றித் தருவார். அதற்கு நிறுவனத்தின் ஆஃபர் லெட்டர் கையில் இருக்க வேண்டும். வேலை உங்கள் பாடத்திட்டத்தோடு தொடர்புள்ளதாகவும் இருக்க வேண்டும். சில பல்கலைக்கழகங்கள் இதற்காக இன்டர்ன்ஷிப் பாடம் ஒன்றில் பதிவு செய்யச் சொல்லும். அதற்குக் கட்டணமும் பதிவுக் கெடுவும் உண்டு. டி.எஸ்.ஓ.வைப் பார்க்க ஆஃபர் வரும்வரை காத்திருக்காதீர்கள். நடைமுறையை இப்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஐ-20-இல் இருக்கும் தொடக்க நாளுக்கு முன் ஒரு மணி நேரம்கூட வேலை பார்க்கக் கூடாது. ‘முதல் வாரம் ஆன்லைனில் பயிற்சி மட்டும்தான்’ என்று மேலாளர் சொன்னாலும் அது வேலைதான். இந்த ஒரு விஷயத்தில் மாணவர்கள் காட்டும் அலட்சியம் எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது. விசா நிலையை ஒருமுறை இழந்தால் படிப்பே ஆட்டம் காணும். மற்றபடி, முழுநேர சி.பி.டி. 12 மாதத்தைத் தொட்டால்தான் அந்தப் பட்டத்துக்கான ஓ.பி.டி. (படிப்பு முடிந்தபின் அமெரிக்காவில் வேலை பார்க்கும் அனுமதி) கைவிட்டுப் போகும். ஒரு கோடையால் ஒன்றும் ஆகாது.

இப்போது விளம்பரத்துக்கு வருவோம். டிஸ்னி இன்டர்ன்ஷிப் விளம்பரங்கள் பலவற்றின் அடிப்பகுதியில் ஒரு தகுதிப் பட்டியல் இருக்கும்: 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், முந்தைய செமஸ்டரில் ஒரு பாடமாவது படித்துக்கொண்டிருக்க வேண்டும் அல்லது பட்டம் வாங்கி ஆறு மாதத்துக்குள் இருக்க வேண்டும், தங்குமிடம், போக்குவரத்து உங்கள் பொறுப்பு. அதற்கு நடுவில்தான், நிறைய விளம்பரங்களில், ‘அன்ரெஸ்ட்ரிக்டட் வொர்க் ஆதரைசேஷன்’ இருக்க வேண்டும் என்ற வரி வரும். யாரிடம் வேண்டுமானாலும் எந்தத் தடையும் இல்லாமல் வேலை பார்க்கும் உரிமை என்று அதற்குப் பொருள். சி.பி.டி. அப்படிப்பட்டதல்ல, ஒரு நிறுவனத்துக்கும் குறிப்பிட்ட தேதிகளுக்கும் கட்டுப்பட்டது. அந்த வரி இருந்தால் அடுத்த விளம்பரத்துக்குப் போய்விடுங்கள், அல்லது விண்ணப்பிக்கும் முன் ரெக்ரூட்டரிடம் ‘சி.பி.டி. ஏற்பீர்களா’ என்று ஒரே வரியில் கேளுங்கள். அந்த வரி இல்லாத விளம்பரங்களில்தான் உங்கள் நேரத்தைச் செலவிட வேண்டும். விளம்பரத்தைக் கீழிருந்து மேலாகப் படியுங்கள் என்று என்னிடம் வரும் எஃப்-1 மாணவர்களிடம் நான் சொல்வது இதனால்தான்.

விண்ணப்பப் படிவத்தில் ‘இப்போதோ எதிர்காலத்திலோ ஸ்பான்சர்ஷிப் தேவைப்படுமா’ என்ற கேள்வி வரும். சி.பி.டி.க்கு ஸ்பான்சர் தேவையில்லை. ஆனால் பின்னாளில் அங்கேயே வேலையில் தொடர்ந்தால் எச்-1பி வேலை விசா தேவைப்படலாம். அதனால் ‘எதிர்காலத்திலோ’ என்ற சொல் கேள்வியில் இருந்தால் ‘ஆம்’ என்றுதான் சொல்ல வேண்டும். ‘இல்லை’ என்று போட்டால் முதல் சுற்றில் தப்பிக்கலாம் என்று சீனியர்கள் சொல்லித் தருவார்கள். அந்த பதில் கோப்பில் நிற்கும், பிறகு உங்களையே மடக்கும்.

அடுத்து, எதற்குப் போடுவது. டிஸ்னி என்பது ஒரே அலுவலகம் இல்லை. பர்பேங்கில் வால்ட் டிஸ்னி அனிமேஷன், எமெரிவில்லில் 2006-இல் வாங்கிய பிக்ஸார், சான் பிரான்சிஸ்கோவில் 2012-இல் லூக்காஸ்ஃபில்மோடு வந்த விஎஃப்எக்ஸ் நிறுவனம் ஐ.எல்.எம்., கிளென்டேலில் தீம் பார்க்குகளை வடிவமைக்கும் இமேஜினியரிங், கனெக்டிகட் மாநிலம் பிரிஸ்டலில் ஈ.எஸ்.பி.என்., இவற்றோடு டிஸ்னி ப்ளஸ் செயலிக்குப் பின்னால் இருக்கும் மென்பொருள் குழுக்கள். ஒவ்வொன்றும் தேடும் ஆள் வேறு. பிக்ஸாருக்குத் தனி வேலைவாய்ப்புப் பக்கமே உண்டு. ‘டிஸ்னி காலேஜ் புரோகிராம்’ என்று ஒன்றும் கண்ணில் படும். 1981-இல் தொடங்கியது, ஃப்ளோரிடா பூங்காவில் வரவேற்பு, உணவகம், சவாரிகள் போன்ற முன்வரிசை வேலைகளுக்கானது. நல்ல திட்டம்தான், ஆனால் உங்கள் படிப்போடு பொருந்தாது. பெயரைப் பார்த்துப் போட்டுவிட வேண்டாம்.

உங்கள் பின்னணிக்கு நான் சொல்லும் வரிசை: அனிமேஷன், விஎஃப்எக்ஸ் பக்கம் பைப்லைன், டெக்னிக்கல் டைரக்டர், டூல்ஸ் மென்பொருள் இன்டர்ன்ஷிப்கள் முதலில், ஸ்ட்ரீமிங் மென்பொருள் குழுக்கள் அடுத்து. முதல் வகையில் இடங்கள் மிகக் குறைவு. ஆனால் அங்கே உங்கள் இரண்டு வருட அனுபவம் பேசும். இரண்டாவதில் இடங்கள் கூடுதல், கூடவே கோடிங் தேர்வில் தேற வேண்டும். இரண்டும் சேர்த்து ஐந்தாறு விளம்பரங்களைத் தேர்ந்து ஒவ்வொன்றுக்கும் உழையுங்கள். ஐம்பதுக்கு ஒரே ரெஸ்யூமே அனுப்புவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

கோடைக்கான விளம்பரங்கள் பொதுவாக முந்தைய இலையுதிர் காலத்திலிருந்தே வரத் தொடங்கும். மென்பொருள் வேலைகள் முன்கூட்டியே, கலை சார்ந்தவை புத்தாண்டுக்குப் பிறகும் வருவதுண்டு. அதனால் வேலை அறிவிப்பு மின்னஞ்சலை இப்போதே போட்டு வையுங்கள். விளம்பரம் வந்த முதல் வாரத்தில் அனுப்புங்கள். போதுமான விண்ணப்பம் வந்ததும் மூடிவிடுவார்கள். கலிஃபோர்னியா விளம்பரங்களில் சம்பள வரம்பும் இருக்கும். 2023 ஜனவரியிலிருந்து 15 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள் அதைக் குறிப்பிட வேண்டும் என்பது அந்த மாநிலச் சட்டம். தங்குமிட வாடகையைக் கழித்தால் என்ன மிஞ்சும் என்று அதை வைத்து இப்போதே கணக்குப் போட்டுவிடலாம்.

சம்பளம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இந்தத் துறையில் ‘அனுபவம் கிடைக்கிறதே’ என்று இலவசமாக வேலை வாங்கும் பழக்கம் வெகுகாலம் இருந்தது. ‘பிளாக் ஸ்வான்’ படத் தயாரிப்பில் சம்பளமில்லாமல் வேலை பார்த்தவர்கள் 2011-இல் ஃபாக்ஸ் சர்ச்லைட் மீது வழக்குப் போட்டார்கள். 2013-இல் தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது. 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்து, அந்த உறவில் முதன்மைப் பயன் யாருக்கு என்று பார்க்கும் அளவுகோலை வைத்தது. 2018-இல் தொழிலாளர் துறையும் அதையே எடுத்துக்கொண்டது. நீங்கள் செய்யப்போவது ஒரு பொறியாளரின் வேலை. ஏதாவது சிறு நிறுவனம் இலவசமாகக் கேட்டால் மறுத்துவிடுங்கள்.

ரெஸ்யூமே ஒரே பக்கம். படம், பிறந்த தேதி, அப்பா பெயர், திருமண நிலை எதுவும் வேண்டாம். நம் ஊர் பயோடேட்டா பழக்கத்தில் இவை தானாக வந்து உட்கார்ந்துவிடும். ‘பைத்தான், சி++, மாயா, ஹூடினி, நியூக் தெரியும், குழுவாக உழைப்பேன்’ என்ற மாதிரி வரிகளை நான் அடிக்கடி பார்க்கிறேன். அதைப் படிப்பவருக்கு உங்களைப் பற்றி எதுவுமே தெரியாது. பைப்லைனில் இருந்தவர் எழுதக்கூடிய வரி இப்படி இருக்கும்: ‘ஆர்ட்டிஸ்ட் ஷாட்டை பப்ளிஷ் செய்யும்போது டெக்ஸ்சர் ஃபைல் விடுபட்டிருந்தால், ரெண்டருக்குப் போகும் முன்பே எச்சரிக்கும் பைத்தான் டூலை எழுதினேன், லைட்டிங் பிரிவு தினமும் அதைப் பயன்படுத்தியது.’ பிரச்சினை என்ன, நீங்கள் கட்டியது என்ன, யாருக்குப் பயன்பட்டது என்ற மூன்றும் ஒரே வரியில் வந்துவிட்டன. நீங்கள் உண்மையில் செய்ததை இப்படி மூன்று நான்கு வரிகளாக எழுதினால் போதும்.

பழைய ஸ்டுடியோவின் ஷாட்டுகளை போர்ட்ஃபோலியோவில் போடும் முன், படம் வெளியாகிவிட்டதா, ஸ்டுடியோ எழுத்தில் அனுமதி தந்திருக்கிறதா என்று பாருங்கள். அவர்களுக்காக எழுதிய நிரலை கிட்ஹப்பில் ஏற்றவே கூடாது. ரகசியம் காக்கத் தெரியாதவர் என்ற எண்ணம் ஒரு அனிமேஷன் ஸ்டுடியோவுக்கு வந்துவிட்டால் மற்ற திறமைகள் எடுபடாது.

அதற்குப் பதிலாக வெளிப்படையாகக் கிடைப்பதை வைத்துச் செய்யுங்கள். முப்பரிமாணக் காட்சித் தரவுக்கான யு.எஸ்.டி. என்ற மென்பொருளை பிக்ஸார் 2016-இல் ஓப்பன் சோர்ஸாக வெளியிட்டது. காட்சியைப் படமாக்கித் தரும் அவர்களின் ரெண்டர்மேன் மென்பொருளின் வணிகமல்லாத பதிப்பு இலவசம். ‘மோனா’ படத்தின் தீவுக் காட்சியையே டிஸ்னி அனிமேஷன் 2018-இல் ஆராய்ச்சிக்காக இணையத்தில் கொடுத்திருக்கிறது. அந்தக் காட்சியைத் திறந்து, எந்தப் பொருள் எவ்வளவு நினைவகம் பிடிக்கிறது என்று காட்டும் ஒரு சிறிய டூலை எழுதுங்கள். ஓடும் காணொளி இரண்டு நிமிடம், ஒரு பக்க விளக்கம். ஒரு செமஸ்டர் விடுமுறையில் முடிகிற வேலை. நேர்காணலில் அரை மணி நேரம் அதைப் பற்றியே பேசலாம்.

கவர் லெட்டரில் சிறுவயதில் பார்த்த கார்ட்டூன்களைப் பற்றி எழுதாதீர்கள். அந்த அன்பு விண்ணப்பிக்கும் எல்லோரிடமும் இருக்கிறது. அந்தக் குழு என்ன செய்கிறது, அதில் முதல் மாதமே உங்களால் எதை எடுத்துச் செய்ய முடியும் என்று இரண்டு பத்தி போதும்.

பெயர் விஷயத்தில் தமிழர்களுக்கென்றே ஒரு சிக்கல். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருந்து மற்றக் கட்டம் காலியாக இருந்தால், விசாவில் முதல் பெயர் இடத்தில் ‘எஃப்.என்.யு.’ (முதல் பெயர் தெரியவில்லை) என்று வந்திருக்கும். படிவத்தின் சட்டப்பூர்வப் பெயர்க் கட்டத்தில் ஐ-20-இல் உள்ளபடியே போடுங்கள். அழைக்க வேண்டிய பெயருக்கு ‘பிரிஃபர்ட் நேம்’ கட்டம் இருக்கும். ரெஸ்யூமேயிலும் அந்தப் பெயரே போதும். பின்னணிச் சோதனை நடக்கும்போது கல்லூரி ஆவணமும் விண்ணப்பமும் வேறு வேறு பெயர் சொன்னால் வாரக்கணக்கில் இழுக்கும்.

ரெஃபரல் வேண்டுமென்றால், உங்கள் பல்கலைக்கழகத்தில் படித்து இப்போது அங்கே இருப்பவர்களையும், சென்னை ஸ்டுடியோவில் கூட இருந்து அமெரிக்கா போனவர்களையும் லிங்க்டினில் தேடுங்கள். ‘ரெஃபர் பண்ணுங்கள்’ என்று ஆரம்பிக்காமல், உங்கள் டூலின் இணைப்பை அனுப்பி, அவர்கள் குழுவின் வேலையைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள். பதில் வந்தால் பேச்சு தானாக வளரும்.

நேர்காணலில் நம் பிள்ளைகள் ‘நாங்கள் செய்தோம்’ என்றே பேசுவார்கள். பணிவுதான் காரணம். ஆனால் கேட்பவர் மதிப்பெண் போட வேண்டியது உங்களுக்கு. குழு செய்ததை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு, ‘அதில் நான் எழுதியது இந்தப் பகுதி’ என்று தொடருங்கள். கருத்து வேறுபாடு, தவறிய கெடு, ஆர்ட்டிஸ்ட் ஒத்துக்கொள்ளாத டூல் என்று நடந்த மூன்று சம்பவங்களை முன்கூட்டியே ஆங்கிலத்தில் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்.

ஆஃபர் வந்ததும் அன்றே டி.எஸ்.ஓ.விடம் போங்கள். சி.பி.டி. ஏறிய பிறகு, வேலை தொடங்க 30 நாளுக்குள் இருக்கும்போது சோஷியல் செக்யூரிட்டி எண்ணுக்கு விண்ணப்பிக்கலாம். முதல் சம்பளச் சீட்டைக் கவனமாகப் பாருங்கள். எஃப்-1 மாணவர்களுக்கு, வரிக் கணக்கில் நான்-ரெசிடென்டாக இருக்கும்வரை, பொதுவாக முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகள், சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் வரிகள் கிடையாது. இரண்டும் சேர்ந்து 7.65 சதவீதம். தவறிப் பிடித்திருந்தால் முதலில் பேரோல் பிரிவிடம் திருப்பிக் கேளுங்கள்; அவர்கள் தராவிட்டால் வரித் துறையான ஐ.ஆர்.எஸ்.ஸிடம் 843-ஆம் படிவத்தில் கேட்கலாம். அடுத்த ஆண்டு நான்-ரெசிடென்டுக்கான வருமான வரிப் படிவமான 1040-என்.ஆர். தாக்கல் செய்யும்போது, இந்திய மாணவர்களுக்கு இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21-ஆம் பிரிவுப்படி ஸ்டாண்டர்ட் டிடக்ஷன் (வருமானத்திலிருந்து கழிக்கும் நிலையான தொகை) உண்டு. மற்ற நாட்டு மாணவர்கள் பெரும்பாலானோருக்கு அது கிடையாது என்பதால் பொதுவான வழிகாட்டிகளில் இருக்காது. நீங்களாகக் கேட்டு வாங்குங்கள்.