மகன் சொல்லும் பெயர்கள்

கேள்வி: என் மகனுக்கு 19 வயது, கல்லூரியில் படிக்கிறான். பைக் ரேஸ்காரன் ஆகியே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். இரவு நேரத்தில் சேக்காளிகளோடு நான்குவழிச் சாலையில் நாங்குநேரி வரை பறந்துவிட்டு வருகிறான். கண்டித்தால் சந்தோஷ், ஹரித் நோவா என்று பெயர்களாக அடுக்குகிறான். மூன்று லட்ச ரூபாய் பைக் கேட்டான். நகையை அடகு வைத்து முன்பணம் கட்டிவிட்டேன். அவன் அப்பாவுக்குத் தெரியாது. அவருக்கு ரேஸ் என்றாலே சூதாட்டம். இது ஒரு பிழைப்பா, அம்மா?
– ஒரு தாய், பாளையங்கோட்டை

பதில்: உங்கள் மகன் அடுக்குகிற பெயர்கள் நல்ல பெயர்கள்தாம், சகோதரி. பாதியைச் சொல்லிவிட்டுப் பாதியை விழுங்கியிருக்கிறான், அவ்வளவுதான். மீதியை நான் சொல்கிறேன்.

சி.எஸ்.சந்தோஷ் பெங்களூருக்காரர். டக்கார் ராலி என்றொரு பந்தயம் உண்டு. குதிரைமொழித் தேரியில் நடந்திருக்கிறீர்களா? செம்மணலில் கால் புதைய நாலு எட்டு வைப்பதற்குள் மூச்சு இரைக்கும். அதைப் போலப் பல மடங்கு மணலும், கல்லும், உப்புவெளியுமாக இரண்டு வாரம் ஓட்ட வேண்டும். பந்தயப் பாதையில் வழிகாட்டிப் பலகை கிடையாது. கையில் கொடுத்த குறிப்பைப் பார்த்து வழியையும் தானே கண்டுபிடிக்க வேண்டும். 2015-ல் தென் அமெரிக்காவில் நடந்த அந்தப் பந்தயத்தை 36-வது ஆளாக முடித்தார் சந்தோஷ். அதை முடித்த முதல் இந்தியர் அவர். ‘முப்பத்தாறாவதா?’ என்று உங்கள் வீட்டுக்காரர் சிரித்தால், கிளம்பியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் கடைசிவரை வந்து சேரவே இல்லை என்று சொல்லுங்கள்.

அதே சந்தோஷ் 2021 டக்காரில், சவுதி அரேபியப் பாலைவனத்தில் விழுந்தார். தலையில் அடி. மருத்துவர்கள் அவரைச் சில நாள் செயற்கை மயக்கத்தில் வைத்திருந்தார்கள். இதை உங்கள் மகன் சொல்லியிருக்க மாட்டான். பெற்றவளிடம் இதை மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஹரித் நோவா ஷொர்ணூர்க்காரர். சந்தோஷ் விழுந்த அதே 2021-ல் 20-வது இடம் பிடித்தவர். 2024-ல் ‘ராலி 2’ என்கிற, உச்சப் பிரிவுக்கு அடுத்த பிரிவில் முதலிடம், மொத்தத்தில் 11-வது. அப்போது அவர் ஓட்டியது டிவிஎஸ் பெயர் தாங்கிய அணிக்கு. அந்த டிவிஎஸ்ஸில் முதலில் நிற்கிற ‘டி’ எந்த ஊர் தெரியுமா? திருக்குறுங்குடி! மதுரையில் பஸ் விட்டுப் பெரிய ஆளான சுந்தரம் ஐயங்கார் பிறந்த ஊர். உங்கள் பையன் ராத்திரி ராத்திரி போய்வருகிற நாங்குநேரியிலிருந்து கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம்.

ஆண்பிள்ளைகளின் கூத்து என்றும் இதைத் தள்ளிவிட முடியாது. ஐஸ்வர்யா பிஸ்ஸே என்ற பெங்களூருப் பெண் 2019-ல் பாஹா என்கிற கரடுமுரடுப் பாதைப் பந்தயத்தின் உலகக் கோப்பையில் மகளிர் பிரிவை வென்றார்.

சென்னைப் பக்கத்துக் கதை இன்னும் பழையது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று சோழவரத்தில் சும்மா கிடந்தது. அங்கேதான் பல ஆண்டுகள் பந்தயம் நடந்தது. பிறகுதான் இருங்காட்டுக்கோட்டையில் முறையான களம் வந்தது. தேசிய சாம்பியனான ஆர்.ஏ.அப்துல்லா, அவரைப் பார்த்தே வண்டி ஏறிய மகள் அலிஷா, பல முறை தேசியப் பட்டம் வென்ற ஜெகன் குமார் எல்லோரும் சென்னைக்காரர்கள். 2011-ல் மோட்டோ ஜிபி என்கிற உலக பைக் பந்தயத் தொடரில் இறங்கிய சரத்குமாரும் அப்படியே (நடிகர் அல்ல, பயந்துவிடாதீர்கள்). அவர் ஓட்டியது 125 சிசி பிரிவில். இன்ஜின் அளவை மட்டும் பார்த்தால் உங்கள் தெருப் பால்காரரின் வண்டிதான்! இதை மகனிடம் இரண்டு முறை சொல்லுங்கள்.

இவர்களில் ஒருவர்கூட பைபாஸில் லாரியை முந்தியதற்காகப் பெயர் வாங்கவில்லை. பந்தயக் களத்தில் எல்லோரும் ஒரே திசையில் போகிறார்கள். குறுக்கே மாடு வராது. ஆம்புலன்ஸ் தயாராக நிற்கும். வண்டியையும் ஹெல்மெட்டையும் சோதித்த பிறகே உள்ளே விடுவார்கள். நம் சாலையில் என்ன இருக்கிறது? ஒருமுறை முப்பந்தல் பக்கம் ஸ்கூட்டரில் போனபோது, காற்று என்னை அப்படியே அடுத்த தடத்தில் கொண்டுபோய் வைத்தது. நாற்பதில்கூடப் போகவில்லை நான். தவிர, பொதுச் சாலையில் பந்தயம் விடுவது மோட்டார் வாகனச் சட்டம் 189-வது பிரிவின்படி குற்றம். சிறையும் உண்டு, அபராதமும் உண்டு.

பிழைப்பா என்று கேட்டீர்கள். நிறுவன அணியில் இடம் கிடைக்கிற சிலருக்கு மட்டும் பிழைப்பு. மற்றவர்களுக்குக் கைக்காசு கரைகிற ஆசை. படிப்பை விடக் கூடாது என்பதில் நீங்கள் உறுதியாக நில்லுங்கள். ஆனால் ‘ரேஸே கூடாது’ என்று கதவைச் சாத்தாதீர்கள். சாத்தினால் அவனுக்கு மிஞ்சுவது நாங்குநேரிச் சாலைதான். சில நிறுவனங்கள் நடத்தும் ஒரே ரக வண்டிப் பந்தயங்களில் எல்லோருக்கும் ஒரே மாதிரி வண்டியை அவர்களே கொடுக்கிறார்கள். அதற்குப் பெரிய பைக் வேண்டாம். வேண்டியவை பயிற்சி, பந்தய உரிமம், தோல் உடை, முதுகுக் காப்பு, நல்ல பூட்ஸ். இவற்றுக்கே செலவு உண்டு. பணம் போடுவதானால் அங்கே போடுங்கள்.

இன்று இரவே கணவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள், அடகு விஷயத்தையும் சேர்த்து. கோபித்து முடித்த பிறகு, அப்பனும் மகனுமாக நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறி இருங்காட்டுக்கோட்டையில் ஒரு பந்தய நாளைப் பார்த்துவிட்டு வரட்டும். நீங்கள் அதற்குள் பைக் கடைக்குப் போய் முன்பணத்தைத் திரும்பக் கேளுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும், நகை உங்களுடையது.