ஈரான், ரஷ்ய எண்ணெய்க்கு மேற்கத்திய நாடுகளின் தடை என்கிறார்கள். ஆனாலும் விற்பனையாகிறதே, எப்படி? இதில் அடிபடுவது யார்?

கோலாலம்பூரில் ஒரு வங்கியில் பதினொரு வருடமாக இறக்குமதிப் பத்திரங்களைச் சரிபார்க்கிறேன். தடை எப்படி வேலை செய்கிறது என்பது என் மேசையிலிருந்து நன்றாகத் தெரியும்.

எண்ணெய் வியாபாரம் பெரும்பாலும் டாலரில்தான் நடக்கிறது. இங்கிருந்து துபாய்க்கு அனுப்பும் டாலரும் நியூயார்க்கில் ஏதோ ஒரு வங்கிக் கணக்கைத் தொட்டுவிட்டுத்தான் போகும். தொட்டால் அமெரிக்கச் சட்டம் பாயும். சூடான், ஈரான், கியூபா பணத்தை அப்படிக் கைமாற்றியதற்காக பிரான்சின் பிஎன்பி பரிபா வங்கிக்கு 2014-ல் விழுந்த அபராதம் ஏறக்குறைய 900 கோடி டாலர். அந்தப் பயம் வங்கிகளை இன்னும் விடவில்லை.

ரஷ்யாவுக்கு வேறு பிடி. 2022 டிசம்பர் 5 முதல், கடல் வழியே போகும் கச்சா எண்ணெயை பீப்பாய் 60 டாலருக்கு மேல் விற்றால் மேற்கத்தியக் காப்புறுதியும் கப்பல் சேவையும் கிடையாது என்று ஜி7 எனப்படும் பணக்கார நாடுகள் விதித்தன. 2025-ல் ஐரோப்பிய ஒன்றியமும் பிரிட்டனும் அந்த வரம்பை இன்னும் குறைத்தன.

அப்படியும் எண்ணெய் ஓடுகிறது, நம் வாசலிலேயே. மலேசியாவின் தென்கோடியான ஜொகூருக்குக் கிழக்கே பழைய டாங்கர்கள் (எண்ணெய்க் கப்பல்கள்) இருப்பிடம் காட்டும் கருவியை அணைத்துவிட்டு, ஒன்றை ஒன்று ஒட்டி நின்று எண்ணெயை மாற்றிக்கொள்கின்றன. மாற்றியதும் அது பத்திரத்தில் 'மலேசிய எண்ணெய்' ஆகிவிடுகிறது. நம் நாடு ஒரு நாளைக்கு எடுப்பது ஆறு லட்சம் பீப்பாய்க்குள்தான். சீனச் சுங்கக் கணக்கிலோ 2024-ல் மலேசியாவிலிருந்து நாளுக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் வந்திருக்கிறது! அந்தப் பணம் பெரும்பாலும் சீன நாணயமான யுவானில் கைமாறுவதால் நியூயார்க் பக்கமே போவதில்லை.

ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தின் தடைகளை மட்டுமே மலேசியா ஏற்கும் என்று உள்துறை அமைச்சர் சைபுடின் நசுத்தியோன் 2024 மே மாதம் சொன்னார். ஆனால் நான் தினமும் பெயர்களை ஒப்பிடும் பட்டியலில் அமெரிக்கக் கருவூலத்தின் தடைப் பட்டியலும் இருக்கிறது. நாடு ஏற்காததை வங்கி ஏற்றே ஆக வேண்டியிருக்கிறது. எனக்கு இது சரியாகப் படவில்லை.

கிள்ளானில் மளிகைக் கடை வைத்திருக்கும் என் மாமா, நோன்பு மாத வியாபாரத்துக்காக துபாய் வழியாக ஒரு கன்டெய்னர் துனிசியப் பேரீச்சம்பழம் எடுத்தார். அவர் கணக்கு வைத்திருக்கும் வங்கி பணத்தை நிறுத்திவிட்டது. காரணம், சரக்கு வந்த கப்பல் முன்பு ஒருமுறை ஈரானின் பந்தர் அப்பாசுக்குப் போயிருந்ததாம். பழம் விளைந்த இடத்துக்கான சான்றிதழ், பில் ஆஃப் லேடிங் (கப்பலில் சரக்கு ஏற்றியதற்கான பத்திரம்), துபாய் வியாபாரியின் பதிவுப் பத்திரம் என்று ஒன்றொன்றாகக் கேட்டார்கள். இருபத்து மூன்று நாள் ஆயிற்று. பணம் போகாததால் சரக்கை எடுக்கும் பத்திரம் கைக்கு வராமல் கன்டெய்னர் துறைமுகத்திலேயே கிடந்தது. டெமரேஜ் என்னும் தாமதக் கட்டணம் மட்டும் நாலாயிரம் மலேசிய வெள்ளிக்கு மேல். நோன்பு பாதி முடிந்துவிட்டது.

"கப்பல் கப்பலா எண்ணெய் போவுது, என் பேரீச்சம்பழத்தையாடா பிடிக்கிறானுங்க?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

தடையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பணத்தை நிறுத்தும் வங்கி, மூன்று நாளுக்குள் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று சிறு வியாபாரிகளுக்காக ஒரு விதி அவசியம் வேண்டும். அதுவரை, முன்பணம் கட்டுமுன் கப்பலின் அடையாள எண்ணான ஐஎம்ஓ எண்ணைக் கேட்டு வாங்குங்கள். கப்பலின் பெயரும் கொடியும் மாறும், அந்த எண் மாறாது. மாமா இப்போது அந்த ஏழு இலக்கத்தை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுத்தான் பணம் கட்டுகிறார்.